புதினாவும் கைராசியும்



இல்லத் தோட்டம் பற்றிய இப்பகுதிக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை பூச்சியைப் பற்றியும் உரத்தைப் பற்றியுமே இருக்கும். சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு மடல் அப்படிப்பட்டதன்று. எழுதியவர் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் வாழும் ஓர் இல்லத்தரசி. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன; இன்னும் மக்கட்பேறு இல்லை. அவர் கேட்ட கேள்வியோ புதினாவைப் பற்றியது. மூன்று முறை புதினா நட்டாராம்; மூன்று முறையும் பட்டுப்போயிற்றாம். மூன்றாம் முறை செடி கருகியபோது அவருடைய மாமியார், "இவள் கை பட்டால் பச்சை நிற்காது" என்று அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி சொன்னாராம். "இது உண்மையா? என் கையில் ஏதேனும் குறை உண்டா?" என்ற கேள்வியோடு அம்மடல் முடிந்திருந்தது.

நகைத்து ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று இது. நம் ஊர்களில் 'கைராசி' என்னும் சொல் மிகச் சாதாரணமாகப் புழங்குகிறது. விதை போட ஒருவரை அழைப்போம். ஊறுகாய் போட ஒருவரை அழைப்போம். கடையில் முதல் வியாபாரத்திற்கு ஒருவரை எதிர்பார்ப்போம். நல்லெண்ணத்தோடு சொல்லும்போது அது பாராட்டு. ஆனால் 'ராசியில்லாத கை' என்று திருப்பிச் சொல்லும்போது அச்சொல் கத்தியாகிவிடுகிறது. அதிலும் குழந்தையில்லாத ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லும்போது, சொல்பவர் புதினாவைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது கேட்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே இம்மாதம் புதினாவைப் பற்றியே விரிவாக எழுதத் துணிந்தோம். அது ஏன் சாகிறது, எப்படிப் பிழைக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால், எவருடைய கையின் மேலும் பழி போட இடமிராது. மடல் எழுதிய சகோதரி, தம் பெயரும் ஊரும் வெளிவராதபடி இதனை எழுத இசைவு தந்துள்ளார்.

முதலில் நம் சொந்தக் கதை

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. நாமும் புதினாவைச் சாகடித்தவரே. ஒருமுறை சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து பத்துத் தண்டுகளை எடுத்து, அழகிய பீங்கான் தொட்டியொன்றில் நட்டு, சமையலறைச் சன்னலில் வைத்தோம். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு வாரம் தளதளவென்று இருந்தது. மூன்றாம் வாரம் அடியிலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லை போலும் என்று எண்ணி மேலும் ஊற்றினோம். ஒரு மாதத்திற்குள் தண்டுகள் கறுத்துச் சாய்ந்தன. பிடித்து இழுத்தபோது தடையின்றிக் கையோடு வந்தன. வேர் இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த கூழும் சாக்கடை நாற்றமுமே இருந்தன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அதன் அடியில் துவாரமே இல்லை என்பது தெரிந்தது.

அன்று நம் வீட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? "தொட்டி சரியில்லை" என்றார்கள். நம் கையில் ராசியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரே தவறு, ஒருவர் செய்தால் தொட்டியின் குற்றம், இன்னொருவர் செய்தால் கையின் குற்றம். இது நியாயந்தானா என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

புதினாவின் உயிர் எங்கே இருக்கிறது?

'புதினா' என்னும் பெயர் பாரசீக மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. தாவர நூலார் இதனை 'மெந்தா' என்னும் இனத்தில் சேர்ப்பர். துளசி, தும்பை, கற்பூரவள்ளி ஆகியவை இதன் உறவினர்கள். தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள், உருளாது. நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக வரும். அவ்விலைகள் புறப்படும் முடிச்சுக்குக் 'கணு' என்று பெயர். புதினாவின் உயிர் அக்கணுவில் இருக்கிறது. ஈரம் பட்டால் கணுவிலிருந்து வேர் விடும். வெளிச்சம் பட்டால் அதே கணுவிலிருந்து தளிர் விடும்.

நிமிர்ந்து நிற்கும் தண்டைத் தவிர, மண்ணை ஒட்டியும் மண்ணுக்கடியிலும் படர்ந்து செல்லும் தண்டுகளும் இதற்கு உண்டு. அவற்றை 'ஓடுதண்டு' என்பர். செடி தன்னைப் புதுப்பித்துக்கொள்வது இவ்வோடுதண்டுகளால்தான். தாய்த்தண்டு முதிர்ந்து கட்டையாகி ஓய்ந்துவிடும்; ஓடுதண்டு அடுத்த இடத்தில் புதிய செடியாக எழும். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி முதலிய மாவட்டங்களில், தைலத்திற்கும் மிட்டாய்க்கும் பற்பசைக்கும் வேண்டிய மென்தால் எடுப்பதற்காகப் புதினாவின் இன்னொரு வகையைப் பெருமளவில் பயிரிடுகிறார்கள். அவ்வுழவர்கள் விதையை நம்புவதில்லை. தை, மாசி மாதங்களில் ஓடுதண்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கி நடுகிறார்கள். பழைய செடியையே கட்டிக்கொண்டு இருப்பதுமில்லை. ஆண்டுதோறும் புதிதாக நடுகிறார்கள்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே: மேலே வாடிய தண்டைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. மண்ணுக்கடியில் பச்சைக் கணு ஒன்று இருக்கும்வரை நம்பிக்கை உண்டு.

மூன்று சாவும் மூன்று காரணமும்

அச்சகோதரிக்கு உடனே அறிவுரை கூறாமல், சில கேள்விகளை எழுதி அனுப்பினோம். எந்த மாதத்தில் நட்டீர்கள்? தண்டு எப்படி இருந்தது? தொட்டி எது? எங்கே வைத்தீர்கள்? சாவதற்கு முன் இலையும் மண்ணும் எப்படி இருந்தன? அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை எழுதினார். அவ்விடைகளைப் படித்தபோது மூன்று சாவுக்கும் மூன்று வேறு காரணங்கள் தெளிவாகப் புலப்பட்டன.

முதற்சாவு சித்திரை மாதத்தில் நிகழ்ந்தது. சமைத்தது போக மீந்த தண்டுகளை, இலை முழுவதும் உருவியபின், மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் ஊன்றினாராம். தண்டுகள் கட்டையாக, சற்றுப் பழுப்பு நிறமாக இருந்தனவாம். மூன்றே நாளில் காய்ந்துவிட்டன. இதில் வியப்பேதுமில்லை. வேரில்லாத தண்டு நீரை உறிஞ்ச வழியில்லாமல் இருக்கிறது. அதன்மேல் கோடை வெயில் காய்கிறது. முதிர்ந்த தண்டில் வேர் விடும் ஊக்கமும் குறைவு.

சந்தைக் கட்டிலிருந்து நடுவதாயின், வாங்கிய அன்றே தண்டைத் தெரிந்தெடுக்க வேண்டும். பூ விடாத, இளம் பச்சையான, ஒடித்தால் 'டக்'கென்று ஒடியும் தண்டே ஏற்றது. அடியில் மெல்லிய வேர்நுனி ஒட்டியிருந்தால் இன்னும் நன்று. ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் நறுக்குங்கள். அடிப்பாதியில் உள்ள இலைகளை நீக்கிவிட்டு, நுனியில் இரண்டு மூன்று இணை இலைகளை மட்டும் விடுங்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, அடிக்கணுக்கள் நீருக்குள்ளும் இலைகள் நீருக்கு மேலும் இருக்குமாறு நிறுத்துங்கள். வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் தண்ணீரை மாற்றுங்கள். பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளுக்குள் கணுவில் வெண்ணிற வேர் தோன்றும்.

வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். தம்ளரிலேயே மாதக்கணக்கில் வைத்திருப்போர் உண்டு. அச்செடி சாகாது, ஆனால் தழைக்கவும் செய்யாது. இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் உட்வர்ட் என்பவர் இதே புதினாவை மழைநீர், ஆற்றுநீர், தோட்ட மண் கலந்த நீர் எனப் பலவகை நீரில் வளர்த்துப் பார்த்து, 1699-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். மண் கலந்த நீரில் நின்ற செடியே மிகுதியாக வளர்ந்திருந்தது. செடிக்கு வெறும் நீர் போதாது, மண்ணிலுள்ள சத்தும் வேண்டும் என்பதை அன்றே காட்டியது ஒரு புதினாத் தண்டு. 1771-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் மற்றோர் அறிஞர், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்துபோன காற்றில் புதினாத் தண்டொன்றை மூடி வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது. செடிகள் காற்றைச் செம்மை செய்கின்றன என்று உலகம் அறியத் தொடங்கியதும் இவ்வெளிய கீரையால்தான். இவ்வளவு உறுதியான ஒரு செடி, ஒரு பெண்ணின் கை பட்டதால் செத்துப்போகும் என்று நம்பலாமா?

இரண்டாம் சாவு ஐப்பசி மழையில் நிகழ்ந்தது. இம்முறை அண்டை வீட்டிலிருந்து வேரோடு வாங்கிய நல்ல செடி. ஆனால் நட்டதோ வண்ணக்கலவை வந்த பழைய பிளாஸ்டிக் வாளியில். அதன் அடியில் ஓட்டையில்லை. வைத்ததோ துணி துவைக்கும் கல்லுக்கு அருகில். மேலிருந்து மழை, பக்கத்திலிருந்து சவர்க்கார நீர், அடியில் வெளியேற வழியில்லை. நம் பீங்கான் தொட்டியின் கதைதான் இது. மழையும் சவர்க்காரமும் கூடுதலாகச் சேர்ந்தன.

புதினா ஈரத்தை விரும்பும் செடி என்பது உண்மை. ஆனால் ஈரம் வேறு, தேக்கம் வேறு. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதிலாக நீரே நின்றால் வேர் திணறி அழுகிவிடும். ஆகவே தொட்டியின் அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் மூன்று நான்கு துவாரங்கள் கட்டாயம் இருக்கவேண்டும். மண் கொட்டிப் போகாமலிருக்க ஒவ்வொரு துவாரத்தின் மேலும் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் போதும். அடியில் கூழாங்கல்லைக் கனமாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பலரும் எண்ணுகிறார்கள், அது சரியன்று. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் பருக்கைக் கல்லுக்கு எளிதில் இறங்குவதில்லை. கல்லுக்கு மேலேயே ஈரம் தங்கி நிற்கும். கல் அடைத்த இடமும் வேருக்கு நட்டம்.

ஓடுதண்டு பக்கவாட்டில் படருவதால், ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டியே புதினாவுக்கு ஏற்றது. ஓர் அடி அகலமும் எட்டு அங்குல ஆழமும் இருந்தால் ஒரு சிறு குடும்பத்திற்குப் போதும். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் அல்லது மக்கிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு எனக் கலந்து நிரப்புங்கள். வெறும் களிமண் ஆகாது. நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆகிவிடும். காலை வெயில் நான்கு மணி நேரம் படக்கூடிய, பிற்பகலில் நிழல் விழும் கிழக்குப் பக்கம் நம் சமவெளிக்குச் சிறந்தது. முழு நிழலில் வைத்தால் தண்டு நூலாக நீண்டு இலை சிறுத்துவிடும்.

வாட்டம் இருவகை

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். புதினா வாடியவுடன் செம்பைத் தேடி ஓடாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் செடி வாடும். தண்ணீர் மிகுந்து வேர் அழுகினாலும் செடி வாடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

வேறுபாட்டை அறிய விரலே போதும். ஆட்காட்டி விரலை முதற்கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். மண் உலர்ந்து, தொட்டி எடை குறைந்து, இலை துவண்டு ஓரம் மொறுமொறுப்பாக இருந்தால் அது தாகம். தொட்டியின் அடித்துவாரம் வழியே நீர் வெளிவரும்வரை நிறைய ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் செடி நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை துவண்டு, அடியிலை மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்து, மண்ணில் புளித்த வாடை வீசினால் அது அழுகல். அப்போது ஊற்றும் ஒவ்வொரு செம்பும் கேடே செய்யும். இன்னொன்றும் உண்டு: உச்சிவெயிலில் சற்றுத் தளர்ந்து, மாலையில் தானே நிமிர்ந்துவிடும் செடிக்கு நோயுமில்லை, தாகமுமில்லை. அதனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மூன்றாம் சாவு

மூன்றாம் சாவே நம்மை மிகவும் வருந்தச் செய்தது. ஏனெனில் இம்முறை அச்சகோதரி ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தார். செடி எட்டு மாதம் வளர்ந்தது. எட்டு மாதமும் வீட்டார் துவையலுக்கும் சாதத்திற்கும் அதிலிருந்துதான் பறித்தார்கள். பின்னர் நடுப்பகுதி மொட்டையாகி, ஓரங்களில் மட்டும் மெலிந்த தண்டுகள் நின்றன. இலைகள் சிறுத்து வெளுத்தன. யாரோ ஒருவர் சொல்லக் கேட்டு ஒரு கைப்பிடி யூரியாவைத் தொட்டியில் போட்டார். ஓரிரு நாளில் செடி முழுவதும் கருகிவிட்டது. சிறிய தொட்டிக்கு ஒரு கைப்பிடி யூரியா என்பது உப்பைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். அது வேரிலிருந்து நீரை வெளியே இழுத்து, வேரையே எரித்துவிடும்.

எட்டு மாதம் இலை கொடுத்தபோது எவரும் அது கைராசி என்று சொல்லவில்லை. கருகிய அன்றுதான் கையை நினைத்தார்கள். அச்செடிக்கு உண்மையில் நேர்ந்தது யாதெனில், அதன் ஓடுதண்டுகள் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நெருங்கிப் பின்னிவிட்டன. வேர் விட மண்ணும் இல்லை, சத்தும் தீர்ந்துவிட்டது. தொட்டியில் வளரும் எந்தப் புதினாவுக்கும் ஏறக்குறைய ஓராண்டில் இந்நிலை வரும். அது நோயன்று, வயது. தக்க சமயத்தில் பிரித்து நட்டிருந்தால் பிழைத்திருக்கும்.

நலிந்த செடியைப் பிழைப்பிக்கும் முறை

உங்கள் வீட்டிலும் இப்படி நலிந்த புதினா இருக்குமாயின், கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

முதலாவதாக, பச்சையாக இருக்கும் நுனித்தண்டுகள் நான்கைந்தை நறுக்கி, மேற்சொன்னபடி தம்ளரில் வைத்துவிடுங்கள். தாய்ச்செடி தவறினாலும் வாரிசு இருக்கும்.

இரண்டாவதாக, மாலை வேளையில் தொட்டியைச் சாய்த்து, மண்கட்டியை முழுதாக வெளியே எடுங்கள். வேரைப் பாருங்கள். வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பது உயிருள்ள வேர். பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வருவது அழுகியது. அதனை நறுக்கி எறியுங்கள். நடுவிலுள்ள கட்டையான பழைய பகுதியையும் தயங்காமல் நீக்குங்கள். ஓரத்திலுள்ள பருத்த, வெளிறிய ஓடுதண்டுகளில் இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளைத் தெரிந்தெடுங்கள்.

மூன்றாவதாக, தொட்டியைக் கழுவிப் புதிய மண்கலவையை நிரப்பி, அத்துண்டுகளைப் படுக்கை வாட்டில் இரண்டு அங்குல ஆழத்தில் புதையுங்கள். மேலே இலைத்தண்டு ஒட்டியிருந்தால், மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை மட்டும் விட்டு நறுக்கிவிடுங்கள். பலருக்கு இதற்கு மனம் வருவதில்லை. மீந்திருக்கும் நாலு இலையையும் நறுக்குவதா என்று கலங்குவார்கள். ஆனால் குறைந்த வேரால் நிறைந்த இலையைத் தாங்க இயலாது. இங்கே நறுக்குவதுதான் இரக்கம்.

நான்காவதாக, ஒருமுறை நன்றாக நீரூற்றி, பத்து நாள் வெளிச்சமுள்ள நிழலில் வையுங்கள். மண்ணின் மேற்பரப்பு காயத் தொடங்கும்போது மட்டும் மறுபடி ஊற்றுங்கள். புதுத்தளிர் வரும்வரை எவ்வகை உரமும் வேண்டா. நோயாளிக்கு விருந்து வைப்பாருண்டோ? தளிர் நான்கு விரற்கடை வளர்ந்தபின் சிறிது சிறிதாகக் காலை வெயிலுக்குப் பழக்குங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூவிக் கிளறிவிட்டால் போதும். கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீராயின், பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றலாம்.

இதனைத் தை, மாசியிலோ, கோடை தணிந்த ஆடி, ஆவணியிலோ செய்வது நலம். கோடையிலும் பெருமழையிலும் செய்ய நேர்ந்தால் நிழலும் வடிகாலும் இரட்டிப்புக் கவனம் பெறவேண்டும்.

பூச்சியும் நோயும்

கோடையில் இலையில் ஊசி குத்தினாற்போன்ற வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் கண்டால் அது செஞ்சிலந்தி. காலையில் இலையின் அடிப்புறத்தில் வேகமாக நீரைத் தெளித்துத் தொடர்ந்து சில நாள் கழுவினாலே குறையும். அசுவினி கண்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். தெளித்தபின் ஒரு வாரமேனும் பறிக்காமல் விட்டு, பின் நன்கு கழுவிப் பயன்படுத்துங்கள். புழுக்களைக் கையால் பொறுக்குவதே எளிது.

குளிர்ந்த ஈரக்காலத்தில் இலையின் அடியில் துருப்பிடித்தாற்போல் செம்மஞ்சள் கொப்புளங்கள் தோன்றினால் அது துருநோய். அத்தண்டுகளை அடியோடு நறுக்கி அப்புறப்படுத்துங்கள்; உரக்குழியில் போடாதீர்கள். நோய் மிகுந்துவிட்டால் அச்செடியைக் கைவிட்டு, வேறிடத்திலிருந்து நல்ல தண்டு வாங்கிப் புதுமண்ணில் நடுவதே விவேகம்.

இலை ஓரம் பழுப்பாகி, தொட்டியின் விளிம்பில் வெண்ணிற உப்புப் படிந்திருந்தால், ஆழ்குழாய் நீரின் உப்பே காரணமாயிருக்கலாம். மழைநீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது தாராளமாக ஊற்றி, உப்பை வடியச் செய்யுங்கள்.

பறிப்பதும் வளர்ப்பே

அடியிலிருந்து இலையிலையாக உருவுவது நம்மவர் வழக்கம். அதனால் தண்டு மொட்டையாகி நீண்டுவிடும். நுனியிலிருந்து நான்கு விரற்கடை நீளத்திற்கு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளுங்கள். அக்கணுவிலிருந்து இரண்டு கிளைகள் வரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஒரே சமயத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். விருந்தினர் வந்த நாளில் பிரியாணிக்காக முழுச்செடியையும் மொட்டையடித்தால், அது மீள வாரக்கணக்கில் ஆகும். பூமொட்டு தோன்றும்போதே கிள்ளிவிடுங்கள். பூத்தபின் புதிய இலை குறையும். தரையில் நடுவோர், நான்கு பக்கமும் செங்கல்லைப் புதைத்து வரம்பு கட்டிக்கொள்ளுங்கள். இல்லையேல் மற்றச் செடிகளின் இடத்தையும் புதினாவே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் மடல்

இவற்றையெல்லாம் சுருக்கி அச்சகோதரிக்கு எழுதியிருந்தோம். நான்கு மாதம் கழித்து மறுமடல் வந்தது. தை மாதத்தில் ஐந்து தண்டுகளைத் தம்ளரில் வைத்தாராம். ஒன்று அழுகிற்று, நான்கு வேர் விட்டன. துவாரமிட்ட அகன்ற தொட்டியில் நட்டு, கிழக்குச் சுவரோரம் வைத்தாராம். இப்போது நன்றாகப் படர்ந்திருக்கிறதாம். "அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று மதியம் வெயில் ஏறியபோது, நான் கேளாமலேயே தொட்டியை நிழலுக்கு நகர்த்தி வைத்தார்கள்" என்று எழுதியிருந்தார்.

படித்து மகிழ்ந்தோம். ஆயினும் அவருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். புதினா தழைத்துவிட்டதால் அவருடைய கை ராசியுள்ளது என்று நிறுவப்பட்டுவிடவில்லை. அப்படிச் சொன்னால், நாளை ஒரு மழையில் செடி அழுகும்போது பழைய பழி திரும்பி வந்துவிடும். செடி தழைத்ததற்குக் காரணம் இளந்தண்டும் துவாரமும் காலை வெயிலும் அவருடைய கவனமுமே. செத்ததற்குக் காரணமும் அவற்றின் குறையே. இரண்டிலும் ராசிக்கு இடமில்லை. மக்கட்பேறு தாமதமாவதும் இத்தகையதே. அதற்கான காரணம் மனைவியிடம் இருக்கலாம், கணவனிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். இருவரும் சேர்ந்து சென்று மருத்துவரிடம் அறியவேண்டியது அது. அண்டை வீட்டாரும் மாமியாரும் தீர்ப்புக் கூறும் விஷயமன்று.

நற்செய்தி நூலிலும் புதினா ஓரிடத்தில் வருகிறது. வீட்டுக் கொல்லையில் முளைத்த புதினாவிலும் சீரகத்திலும் பத்திலொரு பங்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் மறந்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்துள்ளார். நம் இல்லங்களிலும் வாடிய இலைகளை எண்ணுவோர் பலர். எண்ணுமுன் தொட்டியைச் சற்றுக் கவிழ்த்து, அடியில் துவாரம் இருக்கிறதா என்று பார்ப்போமாக.

அடுத்த மாதம், நட்ட இடத்திலேயே நின்று வளர மறுக்கும் கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி எழுதுவோம். உங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள்.